பள்ளி வேனில் நாடகத்துக்குப் போனோம்

மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு மதிய வேளையில், ஒரு தம்பியும் ஒரு தங்கையும் பதினொரு கோணிச்சாக்குகளைச் சுமந்துகொண்டு என் தையல் கடைக்குள் நுழைந்தார்கள். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தைக்கிறேன். கல்யாண ரவிக்கை, பள்ளிச் சீருடை, கோயில் திரை, உறுமி மேளக் குழுக்களுக்குச் சட்டை என்று எத்தனையோ தைத்திருக்கிறேன். சாக்கைத் தைக்கச் சொல்லி அதுவரை ஒருவரும் வந்ததில்லை.

நாடகத்துக்கு என்றாள் அந்தப் பெண். ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்து நாடகம். அந்த மூன்றரை ஆண்டுகளில் துணி கிடைக்காமல் தோட்டத்துச் சனங்கள் சாக்கைக் கிழித்து உடுத்தியதை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். மரவள்ளிக் கிழங்கும், ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டும் போல அதுவும் அவள் சொல்லும் கதைகளில் ஒன்று, அவ்வளவுதான். தைக்க உட்கார்ந்தபோதுதான் அது என்னவென்று என் உடம்புக்குத் தெரிந்தது. பதினெட்டாம் எண் ஊசி போட்டும் இரண்டு ஊசிகள் ஒடிந்தன. சணல் தூசு தொண்டையில் ஏறி இரவெல்லாம் இருமினேன். முழங்கையின் உட்புறம் சிவந்து தடித்துவிட்டது. இதை மார்பில் கட்டிக்கொண்டு ஒரு பெண் எப்படி விடியற்காலையில் ரப்பர் பால்மரம் சீவப் போயிருப்பாள் என்று நினைத்து, பழைய பருத்திப் புடவை ஒன்றை வெட்டி எல்லாவற்றுக்கும் உள்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தம்பி திரும்ப வந்தார். நாடகத்தை இயக்குபவர் அவர்தான். "அக்கா, தவறாக நினைக்காதீர்கள். உள்துணியைப் பிரித்துவிடுங்கள். நடிப்பவர்களுக்கு அரிக்க வேண்டும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு இரவு கண்விழித்துச் செய்த வேலை அது. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிரித்துக் கொடுத்தேன். அவர் கேட்டது சரிதான் என்பது சனிக்கிழமை இரவு எனக்கு விளங்கியது.

எனக்கு இலவச டிக்கெட் கொடுக்க வந்தார்கள். வாங்க மனம் ஒப்பவில்லை. ஆளுக்கு 15 வெள்ளி கொடுத்து இரண்டு டிக்கெட் எடுத்தேன். தொண்ணூறு நாற்காலிதான் போடுகிறார்கள். அதில் இரண்டை நான் சும்மா எடுத்துக்கொண்டால் ஆர்மோனியக்காரருக்கு எதைக் கொடுப்பார்கள்?

யாரை அழைப்பது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. நானும் என் தோழியும் ஒரே ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரே லயத்தில், இடையில் இரண்டு வீடு விட்டு வளர்ந்தவர்கள். லிந்தாங் போகும் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். இன்று அங்கே லயமும் இல்லை, பால்மரமும் இல்லை; செம்பனைதான் நிற்கிறது. நாங்கள் இருவரும் பட்டணத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டோம். அவள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, இருட்டிலேயே முதல் பிள்ளையை ஏற்றுகிறவள். இரவு ஒன்பது மணிக்கு மேல் அவளை விழித்த நிலையில் பார்ப்பது அரிது.

பாட்டு நாடகம் என்றதும் "வேண்டாமடி, நீ போய்விட்டு வா" என்றாள். அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் இருவரும் ஒரு குழுவோடு கோலாலம்பூர் போய், தித்திவங்சா ஏரிப் பக்கம் இருக்கும் இஸ்தானா புடாயாவில் ஒரு பெரிய இசை நாடகம் பார்த்தோம். 1999இல் திறந்த அரங்கம். வாவ் பூலான் என்னும் மலாய் நிலாப் பட்டத்தைப் போன்ற கூரை. ஏறக்குறைய 1,400 பேர் உட்காரலாம். எங்களுக்குக் கிடைத்த இடம் மேலே, கடைசிக்கு முந்தைய வரிசை. மேடையில் மலைகள் எழுந்தன, கப்பல்கள் நகர்ந்தன. பாடியவர்களின் முகம் மட்டும் தெரியவில்லை. எவர் வாய் அசைகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். குரல் அவர்களிடமிருந்து வராமல் சுவரிலிருந்து வந்தது. இடைவேளைக்குப் பிறகு அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் கேட்ட கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பேசிக்கொண்டிருக்கிற மனிதன் திடீரென்று எதற்காகப் பாடுகிறான்? நிஜத்தில் யார் அப்படிப் பாடுகிறார்கள்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த முறையும் அதையே கேட்டாள். நான் தைத்த சாக்கைப் பார்க்கவாவது வா என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன்.

வேனை எடுத்துக்கொண்டு வந்தாள். பதினான்கு பிள்ளைகள் உட்காரும் வண்டியில் நாங்கள் இருவர் மட்டும் முன்னால். பின்னால் யாரோ ஒரு பிள்ளை மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் பாட்டில், வளைவு வரும்போதெல்லாம் இருக்கைகளுக்கு அடியில் உருண்டது. பஸ் நிலையத்துக்கு அருகே ஒட்டுக்கடையில் ஆளுக்கொரு மீ கோரேங்கும் தே தாரேக்கும் சாப்பிட்டோம். சாப்பிடும்போதே கொட்டாவி விட்டாள்.

நாடகம் நடந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் ஒரு பழைய இரட்டை மாடிக் கடை. கீழே ஒரு காலத்தில் தோட்டத்துக்காரர்களிடமும் சிறு நிலக்காரர்களிடமும் ரப்பர் ஷீட் வாங்கும் கடை இருந்தது. மேல்மாடியில் ஷீட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். கடை மூடி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் மரப்படியில் ஏறும்போதே அந்த வாடை வந்தது. புகை போட்ட ரப்பரின் வாடை. புளிப்பும் கருகலும் கலந்தது. பலகைகளுக்குள் ஊறிவிட்ட வாடை அது, கழுவினாலும் போகாது. என் தோழி நான்காவது படியில் நின்றுவிட்டாள். "அம்மா வேலை முடிந்து வந்த வாசம்" என்றாள்.

மேலே மேடை என்று தனியாக ஒன்று இல்லை. அறையின் ஒரு கோடியில் பலகைத் தரையே மேடை. அதற்கு மூன்றடி தள்ளி முதல் வரிசை சிவப்பு நாற்காலிகள். தாழ்வான கூரை, அதற்கு மேல் தகரம். மூன்று தூண்களில் பழுப்புத் துணி சுற்றிப் பால்மரமாக்கியிருந்தார்கள். ஒலிபெருக்கி இல்லை. ஒரு மூலையில் காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்மோனியத்தோடு ஒரு பெரியவர்; அவர் பக்கத்தில் உறுமியோடு ஒரு பையன்.

ஆர்மோனியத்தைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இந்த வாத்தியம் நிறைய அவமானம் பட்டிருக்கிறது. நம் ராகங்களின் கமகம் அதில் வராது என்று சொல்லி இந்திய வானொலி 1940இல் அதை விலக்கி வைத்தது. தடை தளர 1971 ஆயிற்று. நாடகக் கொட்டகை மட்டும் அதைக் கைவிடவில்லை. தமிழ்நாட்டு இசை நாடகக் கம்பெனிகள் கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோதும் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தன. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகளைப் பார்த்துத்தான் பினாங்கில் மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகமே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவானது. அப்படியிருக்க, பாட்டும் வசனமும் கலந்த நாடகம் வெளியிலிருந்து நமக்கு வந்த புதுச் சரக்கு என்று சிலர் பேசுவதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எட்டு மணிக்கு விளக்கு அணைந்தது. பிறகு ஒரே ஒரு விளக்கு. இருட்டிலிருந்து ஐந்து பெண்கள் சாக்கு உடுத்தி நடந்து வந்தார்கள். வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் விடியற்காலை. அவர்கள் பேசவில்லை; நடந்தபடியே கழுத்தோரத்தைச் சொறிந்துகொண்டார்கள். அது நடிப்பல்ல என்று எனக்குத் தெரியும். அரிக்கிறவள் சொறிகிற விதம் வேறு. அந்த ஐந்து கைகளின் அசைவிலிருந்தே தாளம் பிறந்தது, சர்ர்ர் சர்ர்ர் என்று. உறுமிக்காரப் பையன் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அதோடு சேர்ந்துகொண்டான். கோயில் ஊர்வலத்தில் காது கிழிய உறுமி கேட்டே பழகிய எனக்கு, அது இப்படி முனகும் என்று தெரியாது. அதன்மேல்தான் முதல் பாட்டு எழுந்தது. என் உள்துணியைப் பிரிக்கச் சொன்ன அந்தத் தம்பியை மனதுக்குள் வாழ்த்தினேன்.

கதை எளிமையானது. 1942இன் பிற்பகுதி. சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில்பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று தோட்ட ஆபீசில் சொல்கிறார்கள். ஆண்கள் போகிறார்கள், போகாதவர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதன்பின் நாடகத்தில் ஓர் ஆண்கூடக் கிடையாது. தோட்டத்தில் மிஞ்சிய பெண்கள் மட்டும். ரயில்பாதையைக் காட்டவே இல்லை. அதை நான் பெரிய துணிச்சல் என்று நினைக்கிறேன். சயாமின் பான் பொங் வரை சரக்குப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோனது, அங்கிருந்து காட்டுக்குள் நாள்கணக்கில் நடத்தியது, 1943இல் பரவிய வாந்திபேதி எல்லாமே பின்னால் தப்பி வந்த ஒருவனைப் பற்றிப் பெண்கள் கிணற்றடியில் பேசிக்கொள்வதாக, காற்றுவாக்கில் வருகின்றன. 415 கிலோமீட்டர் பாதையில் நடந்ததை ஒரு கிணற்றடியில் கேட்கிறோம். தோட்டத்துக்கு அந்தச் செய்தி உண்மையில் அப்படித்தானே வந்திருக்கும்?

முதல் பாதி முழுக்க என் தோழி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பாட்டு தொடங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பார், பாட ஆரம்பித்துவிட்டார்கள்" என்று பொருள். ஆனால் தூங்கவில்லை. பிறகு ஒரு காட்சியில் நடிகை தூணில் உளி வைத்துச் சீவினாள். என் தோழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தப்பு" என்று முணுமுணுத்தாள். துணியில் வரைந்திருந்த வெட்டு வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் இறங்கியது. பால்மரத்தை யாரும் அப்படி வெட்டுவதில்லை. மரத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன. அவற்றைக் குறுக்கே அறுத்தால்தான் பால் பிடிக்கும் மங்கு நிறையும். எங்களுக்குப் பின்னால் மூன்று நான்கு இடங்களிலிருந்தும் அதே முணுமுணுப்பு எழுந்தது. அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் கையால் அறிந்தவர்கள். நடிகையின் காதுக்கு எட்டியிருக்கும். அவள் தடுமாறவில்லை.

இடைவேளையில் புந்தோங்கிலிருந்து கொண்டுவந்த கச்சாங் பூத்தே என்ற கடலைத் தின்பண்டம் விற்றார்கள். ஈப்போவின் புந்தோங் கச்சாங் பூத்தே என்றால் பேராக் முழுக்கத் தெரியும். ஆளுக்கொரு காகிதக் கூம்பு வாங்கிக்கொண்டு சன்னலோரம் நின்றோம். எதிரே ரயில் நிலையத்துப் பக்கம் மின்னியது.

சன்னலோரம் நின்றபோது எனக்குத் தோன்றியதை இங்கே எழுதிவிடுகிறேன். எங்கள் ஊரைப் பற்றி வெளியே யாராவது எழுதினால் ஒரு தேதிதான் வரும்: 1948 ஜூன் 16. அன்று எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்துதான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக 1960 வரை நீடித்த அவசரகாலம் தொடங்கியது. அந்த மூன்று பேரின் பெயரும் புத்தகங்களில் இருக்கிறது. இருக்கட்டும், அவர்களும் மனிதர்கள்தான். ஆனால் அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு இதே தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே? தாய்லாந்தின் காஞ்சனபுரியில், கைதிகளாக இருந்த நேச நாட்டுச் சிப்பாய்களுக்கு ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவர்களைவிட அதிக எண்ணிக்கையில் செத்த ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. எங்கள் தோட்டத்தில் எத்தனை பேர் போனார்கள் என்பதுகூட, எவர் வீட்டுத் திண்ணையில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக்கு அடியில் இருந்தவர்களுக்குத் தெரியும், பேராக் மழை எப்படி இறங்கும் என்று. நடிகைகள் குரலை உயர்த்திப் பார்த்தார்கள். ஆர்மோனியப் பெரியவர் காலை இன்னும் வேகமாக மிதித்தார். ஒன்றும் கேட்கவில்லை. இயக்குநர் தம்பி முன்னால் வந்து இரண்டு கையையும் கூப்பினார். மழை விடும்வரை நிறுத்திவைக்கிறோம் என்று சைகையால் சொன்னார். விளக்கைப் போட்டார்கள். சாக்கு உடுத்திய பெண்கள் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி முதல் வரிசைக் கிழவர் நீட்டிய கச்சாங் பூத்தேயை வாங்கித் தின்றாள்.

இருபது நிமிடம் இருக்கும். அந்த இருபது நிமிடத்தில் அறை முழுவதும் பேச்சு. மழைச் சத்தத்தில் காதோடு காது வைத்துத்தான் பேச முடிந்தது. எங்கள் முன் வரிசையில் ஒரு பாட்டி தன் மருமகளிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் தோழி என் பக்கம் சாய்ந்து பேச ஆரம்பித்தாள்.

அவளுடைய தாத்தா சயாமுக்குப் போனவர் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் பலர் வீட்டில் அப்படி ஒருவர் உண்டு. தெரியாதது மற்றது. போகும்போது அவள் அம்மா கைக்குழந்தை. பாட்டிக்கு இருபத்திரண்டு வயது. போர் முடிந்தது, ஆள் வரவில்லை, இறந்தார் என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை. பாட்டி தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. சொந்தக்காரர்கள் சண்டை போட்டார்கள். கல்யாண வீட்டில் அவளை முன்னால் நிறுத்தலாமா கூடாதா என்றுகூட வாக்குவாதம் நடந்திருக்கிறது. அவள் அசையவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் குடும்பத்துக்குத் துணி எடுக்கும்போது, அவருக்கென்று ஒரு துண்டு வாங்கித் தகரப் பெட்டியில் மடித்து வைப்பாள். 1991இல் பாட்டி இறந்தபோது பெட்டியைத் திறந்தார்கள். நாற்பதுக்கும் மேல் துண்டுகள். கீழே இருந்தவை மடிப்பிலேயே இற்றுப்போயிருந்தன. மேலே இருந்தவற்றைப் பாடை தூக்கியவர்களுக்கும் குழி வெட்டியவர்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பாடையைத் தூக்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர். அன்று அவர் தோளில் ஒரு புதுத் துண்டோடு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. வெள்ளைத் துண்டு, மெல்லிய சிவப்புக் கரை, ஒரு மடிப்பில் மட்டும் பழுப்புக் கோடு. எத்தனை முறை துவைத்தும் அந்தக் கோடு போகவில்லை. நான்தான் துவைத்தேன். கடையில் ஏமாற்றிப் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று அம்மா சொன்னாள்; அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இதை அவள் காதில் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு இன்னொன்றும் சொன்னாள். "பாட்டி அவருக்கு ஒப்பாரி வைத்ததே இல்லை. வைத்தால் செத்துவிட்டார் என்று ஆகிவிடுமே. ஆனால் தோட்டத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். உனக்கு நினைவிருக்கிறதா?"

நினைவிருக்கிறது. நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் தப்பு அடிக்கும், பாட்டி வருவாள், வந்ததும் பாடமாட்டாள். எப்போது உயிர் போனது, கடைசியாக என்ன கேட்டார், கஞ்சி குடித்தாரா என்று இறந்தவர் வீட்டுப் பெண்களிடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பாள். பேச்சின் நடுவில் ஏதோ ஒரு சொல்லில் குரல் இழுபடும். அடுத்த சொல் பாட்டாகவே வரும். சுற்றி இருக்கும் பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து வளைந்துகொள்வார்கள். பாட்டு முடியும், மூக்கைச் சிந்தி, தண்ணீர் குடித்து, மறுபடி பேச்சு. எங்கே பேச்சு நின்றது, எங்கே பாட்டு தொடங்கியது என்று கோடு போட்டுக் காட்டவே முடியாது. அடுத்தவர் பிணத்தின் முன் அவள் யாரை அழுகிறாள் என்று தோட்டத்துப் பெண்கள் அனைவருக்கும் தெரியும். எங்களுக்குத்தான், பிள்ளைகளுக்கு, தெரியவில்லை.

நான் என் தோழியைப் பார்த்தேன். பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை. அது அதற்கான நேரமில்லை.

மழை தணிந்தது. விளக்கை அணைத்தார்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த காட்சி. நடுவில் இருக்கும் பெண், காத்திருந்து காத்திருந்து, ஒரு நாள் மங்குகளைக் கழுவிக்கொண்டே தோழிகளிடம் பேசுகிறாள். அரிசி விலையைப் பற்றிய பேச்சு. அதன் நடுவில் குரல் இழுபட்டது. அப்படியே, அதே விதமாக. இந்தப் பிள்ளைகள் அதை எங்கே கற்றார்கள் என்று வியந்தேன்.

தண்டவாளம் போட்டவரே, உங்கள்
தடம் எங்கே தேடுவேன்?
மண்ணில்லை மாலையில்லை, நான்
மாரடிக்க உடலில்லை.

ஆர்மோனியம் நின்றுவிட்டது. உறுமியும் நின்றது. நான்கு பெண்கள் வளைந்து சேர்ந்துகொண்டார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே நாலைந்து முழம்தான் இருக்கும். மூச்சு உள்ளே போவது கேட்டது. பாடியவளின் கழுத்து நரம்பு புடைத்து இறங்குவதைப் பார்த்தேன். கூரை விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம்கூட அவள் குரலோடு சேர்ந்து கேட்டது. கச்சாங் பூத்தேக் கிழவர் வாயில் போட்டதை மெல்லாமல் வைத்திருந்தார். நம் ஊர் விழா மேடைகளில் பதிவு செய்த இசையைப் போட்டு, அதற்கு வாயசைத்துவிட்டுப் போகிறார்கள். கேட்டால் வசதி என்கிறார்கள். ஒப்பாரியை அப்படிப் பாட முடியுமா? குரல் எங்கே உடையும் என்று பாடுகிறவளுக்கே தெரியாதபோது, அதை எப்படி முன்கூட்டியே பதிந்து வைப்பது? சின்ன அறைதான் இதற்கு இடம். சாவு வீட்டு நடுக்கூடத்தின் அளவுதான் சரியான அளவு.

பாட்டின் முடிவில் அந்தப் பெண் தன் கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றைக் கழற்றி, கழுவிய மங்கு ஒன்றுக்குள் போட்டாள். விளக்கு மங்கியது. அறையில் பலர் அழுதார்கள். நானும் அழுதேன்.

என் தோழி அழவில்லை. "கழற்றக் கூடாது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

பத்தரைக்கு நாடகம் முடிந்தது. கைதட்டு ஓய்ந்ததும் ஒரு பெரியவர் நேராகத் தூணிடம் போய், துணியில் வரைந்திருந்த வெட்டின் மேல் விரலை வைத்து, எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று இயக்குநர் தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தம்பி கைப்பேசியில் குறித்துக்கொண்டார். அவர் முடிக்கும்வரை என் தோழி காத்திருந்தாள். பிறகு போய் நின்று, அந்த ஒரு விஷயத்தைத்தான் சொன்னாள். "தம்பி, அவள் கழற்றியிருக்க மாட்டாள்." துண்டுகளைப் பற்றிச் சொன்னாள். தாலி கழற்றிய நடிகையும் வந்து கேட்டுக்கொண்டு நின்றாள். சாக்கு உரசிய இடம் அவள் கழுத்தில் சிவந்து கிடந்தது. கழற்றிய பெண்களும் இருந்தார்கள் அக்கா, நாங்கள் பேசிய பாட்டிகளில் ஒருவர் அப்படித்தான் சொன்னார் என்றார் தம்பி. "இருக்கலாம்" என்றாள் இவள். "ஆனால் என் பாட்டியும் இருந்தாள்."

நான் இதில் யார் பக்கம் என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. காத்திருப்பதை நிறுத்தவும் ஒரு பெண்ணுக்கு உரிமை வேண்டும். மேடையில் அந்தக் கயிறு மங்குக்குள் விழுந்தபோது எனக்கு மூச்சு நின்றது உண்மை. ஆனால் நாற்பது துண்டுகளை மடித்தவளைத் தெரிந்த பிறகு, அந்தக் காட்சியை முன்போல என்னால் நினைக்க முடியவில்லை. நடிகை அவள் கையைப் பிடித்து, "பாட்டி பாடியது ஏதாவது நினைவிருக்கிறதா அக்கா? ஒரு வரி பாடிக் காட்டுங்களேன்" என்று கேட்டாள். "இங்கே முடியாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

தெருவெல்லாம் நனைந்து விளக்கொளியில் மின்னியது. வேனில் பேசாமல் வந்தோம். வளைவில் தண்ணீர்ப் பாட்டில் உருண்டது. எங்கள் தாமானுக்குள் திரும்பும்போது, "அந்தத் துண்டு என்னவாயிற்று?" என்று கேட்டாள்.

அப்பா கிழியும்வரை போட்டார் என்றேன். கிழிந்தபின் நான் அதை நான்காக வெட்டினேன். அப்போதுதான் தையல் பழகிக்கொண்டிருந்தேன். நான்கு ஓரமும் மடித்து அடித்து, இயந்திரத்தின் எண்ணெய் துடைக்க வைத்துக்கொண்டேன். நான் அடித்த முதல் நேர்த்தையல் அதில்தான். அதுவும் இற்றுப்போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

"நல்லது" என்றாள். "ஒரு வீட்டில் உழைத்ததே."

என் வீட்டுக் கதவருகே வண்டியை நிறுத்தினாள். இயந்திரத்தை அணைக்கவில்லை. நான் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, முன் கண்ணாடியைப் பார்த்தபடியே, குரலை உயர்த்தாமல் பாடினாள்.

போன பாதை புல் முளைத்துப்
போனதே என் ராசா,
புல்லறுக்க நான் வரவா,
பொழுதிருக்கா என் ராசா.

இதுபோல் நான்கு கண்ணி. எங்கள் லயத்தில் சாவு விழுந்த இரவுகளில் சன்னல் வழியாகக் கேட்ட அதே மெட்டு. எதிர்வீட்டு நாய் இரண்டு முறை குரைத்துவிட்டு நின்றது. பாடி முடித்ததும் அவள் பின்னால் எட்டி, இருக்கைக்கு அடியிலிருந்து அந்தத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். அடியில் ஒட்டியிருந்த பெயரைத் தெரு விளக்கில் சாய்த்துப் படித்தாள். திங்கட்கிழமை மறக்கக் கூடாது என்று சொல்லி அதை முன்னால் கண்ணாடியோரம் நிறுத்தி வைத்துவிட்டு, வண்டியை எடுத்தாள்.